"பிள்ளை நல்லா இருக்கில்ல, மறந்துடு!"

கேள்வி: வயது 27. ஐந்து மாதத்துக்கு முன் பிரசவம் ஆனதும் ரத்தப்போக்கு நிற்காமல், நான்கு யூனிட் ரத்தம் ஏற்றி, இரண்டு நாள் ஐசியுவில் வைத்திருந்தார்கள். குழந்தை நலம். ஆனால் டெட்டால் வாசனை வந்தாலே நெஞ்சு படபடக்கிறது. தூக்கத்தில் ஆபரேஷன் தியேட்டர் லைட் கண்முன் வருகிறது. அந்த ஆஸ்பத்திரி இருக்கும் தெருவுக்கே போவதில்லை. 'பிள்ளை நல்லா இருக்கில்ல, மறந்துடு' என்கிறார் மாமியார். எனக்கு என்ன ஆச்சு?

பதில்: மறக்க முடிந்தால் நீங்களே மறந்திருப்பீர்கள். உயிர் போய்விடுமோ என்று பயந்த நேரம், பழைய நினைவாக அடங்காமல் இப்போது நடப்பதுபோலவே திரும்ப வருகிறது. ஒரு மாதம் தாண்டியும் இப்படி நீடித்தால் அது பிடிஎஸ்டியாக, அதாவது பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனநலப் பாதிப்பாக இருக்கலாம். விபத்தில் தப்பியவர்களுக்கு வருமே, அதேதான். பிள்ளைமேல் பாசம் இல்லை என்று அர்த்தமில்லை.

முதலில் உடம்பைப் பாருங்கள். ஹீமோகுளோபினும் தைராய்டும் சோதிக்க வேண்டும். இரண்டில் எது சரியில்லை என்றாலும் அசதியும் படபடப்பும் வரும். அரிதாக, பெரும் ரத்தப்போக்கில், மூளைக்கு அடியில் இருந்து ஹார்மோன்களைச் சுரக்கும் பிட்யூட்டரி சுரப்பியே அடிபடும். ஷீஹன் சிண்ட்ரோம் என்பார்கள். பால் சுரக்கவே இல்லை, அசதி தீரவே இல்லை என்றால் டாக்டரிடம் இந்த ரத்தப்போக்கைச் சொல்லிக் கேளுங்கள். 'எல்லாம் மனசுதான்' என்று அனுப்பிவிடுகிற பழக்கம் எங்கள் டாக்டர்களிடமும் உண்டு.

அப்புறம், டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துக்கொண்டு, மனசு தயாரானபோது, துணைக்கு ஒருவரோடு ஒரு மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். அதே ஆஸ்பத்திரிதான் என்றில்லை. எப்போது என்ன நடந்தது, ஏன் நடந்தது, அடுத்த பிரசவத்தில் என்ன ஏற்பாடு என்று கேளுங்கள். பாதி மயக்கத்தில் விட்டுப்போன நேரத்தை மனசு மோசமான கற்பனையால் நிரப்பிக்கொள்ளும். ஆனால் 'எல்லாத்தையும் கொட்டிடு' என்று யாராவது கட்டாயப்படுத்தினால் பேச வேண்டாம். அது பலருக்கு உதவுவதில்லை.

இதற்கென்றே பேச்சு சிகிச்சைகள் உண்டு: அதிர்ச்சியை மையமாக வைத்த சிபிடி (எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்குவது), இஎம்டிஆர் (கண்களை அசைத்தபடி அந்த நினைவை அடங்கச் செய்வது). மனநல மருத்துவர் வழிகாட்டுவார். மாத்திரை தேவைப்பட்டாலும், செர்ட்ராலின் போன்றவற்றைப் பொதுவாகத் தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடலாம். சாக வேண்டும், குழந்தையை ஏதாவது செய்துவிடுவேன் என்ற எண்ணம் வந்தால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்; அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இல் தமிழிலும் பேசலாம்.

மாமியாரிடம் ஒரு உதவி கேளுங்கள்: ராத்திரியில் ஒரு நான்கு மணி நேரம் குழந்தையைப் பார்த்துக்கொள்ளட்டும். கணவரிடமும் பேசிப் பாருங்கள். அன்று தியேட்டருக்கு வெளியே நின்றவர், அதை இதுவரை யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார்.