நூல்கட்டை வண்டி மேடு ஏறுமா?

மலைப்பகுதி வாசகர்களின் கேள்விகளுக்கு, கோத்தகிரியில் வசிக்கும் ஓய்வுபெற்ற கைத்தொழில் ஆசிரியை பதில் சொல்கிறார்.

டீச்சர், என் கணவர் விடுமுறை நாளெல்லாம் உட்கார்ந்து மகனுக்கு மரத்தில் லாரி, ரயில் என்று அழகாகச் செய்து கொடுக்கிறார். இரண்டே நாளில் அவன் அவற்றைத் தொடுவதை விட்டுவிடுகிறான். ஏன்?
- வாசகி, குன்னூர்

அந்த லாரியில் உங்கள் மகன் செய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை அம்மா. அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அடுத்த விடுமுறையில் நூல்கட்டை வண்டிக்கு வேண்டிய சாமான்களை மட்டும் அவன் முன்னால் வையுங்கள். தையல் நூல் தீர்ந்த கட்டை ஒன்று, ரப்பர் பேண்ட், மெழுகுவத்தித் துண்டு, தீக்குச்சி, பென்சில் நீளத்துக்கு மூங்கில் குச்சி.

கட்டையின் துளை வழியாக ரப்பர் பேண்டை நுழைத்து, ஒரு பக்கம் பாதித் தீக்குச்சியில் மாட்டி, அது சுழலாதபடி டேப் ஒட்டிவிட வேண்டும். மெழுகுவத்தியை அரை விரல் கனத்துக்கு வில்லையாக அறுங்கள். திரியை உருவினால் நடுவில் துளை கிடைக்கும், கொஞ்சம் அகலப்படுத்தினால் போதும். மறுபக்கம் அந்த வில்லை வழியாக ரப்பரை இழுத்து, வெளியே வரும் வளையத்தில் மூங்கில் குச்சியைச் செருக வேண்டும். குச்சியை 30 சுற்று முறுக்கித் தரையில் விட்டால், குச்சியின் நுனி தரையில் முட்டி நிற்கும். முறுக்கு பிரியப் பிரியக் கட்டை உருளும்.

எனக்கு எட்டு வயதில் அண்ணன் இதைச் செய்து வைத்திருந்தான். எனக்கும் வேண்டும் என்று அழுதபோது ஒரு கட்டையை மட்டும் கையில் கொடுத்தான். பார்த்துப் பார்த்துச் செய்தேன். மெழுகு எதற்கு என்று புரியாமல் அதை விட்டுவிட்டேன். குச்சி மரத்தோடு மரமாக இறுகிக்கொண்டது, வண்டி அசையவில்லை. "வழுக்க வேண்டிய இடம் எது, பார்" என்று மட்டும் சொன்னான். மறுநாள் சாயங்காலம் எனக்கே விளங்கியது. வெளியே ஆடி மழை. தேயிலைப் பெட்டியிலிருந்து பிரித்த ஒட்டுப்பலகையைச் சாய்த்து வைத்து, எந்த வண்டி மேடு ஏறுகிறது என்று விளக்கு வைக்கும் வரை போட்டி போட்டோம். வழுக்காமல் ஏறுவதற்குக் கட்டையின் விளிம்பில் பல் பல்லாக வெட்டுவான் அண்ணன். இப்போது கிடைக்கும் பிளாஸ்டிக் கட்டையை வெட்ட வேண்டாம். இரண்டு விளிம்பிலும் ரப்பர் பேண்ட் சுற்றினாலே பிடிப்பு வந்துவிடும். ஆனால் இதை உங்கள் மகனிடம் முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள்.

பொத்தானில் நூல் கோத்து விர்ரென்று சுழற்றுவோமே, அதைக் கற்றுக்கொடுத்தேன். "இதில் என்ன இருக்கிறது?" என்கிறாள் பத்தாவது படிக்கும் பேத்தி.
- வாசகர், உதகை

நிறைய இருக்கிறது ஐயா. 2017-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் மனு பிரகாஷ் குழுவினர் இதே விளையாட்டுப் பொருளை ஆராய்ந்து, காகிதத் தட்டும் நூலும் கொண்டு ரத்தத்தைப் பிரிக்கும் கருவி ஒன்றைச் செய்தார்கள். மின்சாரமே இல்லாமல் நிமிடத்துக்கு 1,25,000 சுற்று வரை அது சுழன்றது. பேத்தியிடம் ஒரு கெட்டி அட்டையைக் கொடுத்து, தட்டு பெரிதானால் வேகம் என்ன ஆகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தை வீட்டில் இருந்தால் பொத்தான்களை எண்ணி எடுத்து வையுங்கள், விழுங்கிவிடும்.

பாட்டியின் பல்லாங்குழி தொலைந்துவிட்டது. வீட்டிலேயே செய்ய முடியுமா? குன்றிமணி போட்டு விளையாடலாமா?
- வாசகி, கொடைக்கானல்

குன்றிமணி வேண்டவே வேண்டாம். அதன் அழகில் மயங்காதீர்கள். ஓடு உடைந்தாலோ குழந்தை கடித்து மென்றாலோ உள்ளே இருப்பது உயிரைப் பறிக்கும் விஷம். மாலைக்காக ஊசியால் துளைப்பதும் கூடாது. கொட்டையுள்ள புளி வாங்கினால், சமையலுக்குப் போக மிஞ்சும் கொட்டைகளைக் கழுவிக் காயவைத்தால் போதும். குழிக்கு 5 வீதம் 14 குழிக்கு 70 கொட்டை.

பலகைக்கு 30 முட்டை வைக்கும் அட்டை இருக்கிறதே, அது நன்றாக உதவும். வரிசைக்கு ஆறு குழிதான் வரும். மீதியிலிருந்து இரண்டு குழியை வெட்டி ஓரத்தில் ஒட்டினால் ஏழு. மலைக் குளிரின் ஈரத்தில் காகித அட்டை நமுத்துப்போகும் என்பதால், விளையாடி முடித்ததும் அடுப்படிப் பக்கம் எடுத்து வையுங்கள்.

பம்பரம் கடைய இங்கே ஆள் இல்லை. என்ன செய்யலாம்?
- வாசகர், கோத்தகிரி

உங்கள் வீட்டுப் பக்கம் கற்பூர மரம், அதாவது யூகலிப்டஸ், இருக்குமே! 1843-ல் நீலகிரிக்கு வந்த மரம், இன்று திரும்பிய பக்கமெல்லாம் நிற்கிறது. அதன் கீழே உதிர்ந்து கிடக்கும் காய்களில், அடி கூம்பியும் தலை தட்டையாகவும் இருப்பதைப் பொறுக்குங்கள். தலையின் நடுவே கோணி ஊசியால் துளைத்து, ஒரு தீக்குச்சியைச் செருகி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே திருகி விடுங்கள். பத்துக் காயில் மூன்று நேராக நின்று சுழலும். எது சுழலும், எது சாயும் என்று காயைப் பார்த்தே சொல்ல உங்கள் வீட்டுப் பிள்ளைகள் ஒரே வாரத்தில் பழகிவிடுவார்கள். கையெல்லாம் தைல வாசம் வீசும்.