வயதான டரன்டுலாவைக் கடைசி காலத்தில் எப்படிப் பார்த்துக்கொள்வது?

கேள்வி: ஐந்து வருடமாக ஒரு மெக்சிகன் ரெட் நீ டரன்டுலா (முடி நிறைந்த பெரிய சிலந்தி) வளர்க்கிறேன். குஞ்சாக வாங்கியது. இரண்டு மாதமாக எதுவும் சாப்பிடவில்லை, நடையும் தள்ளாடுகிறது. வயதாகிவிட்டதா? கடைசி காலம் என்றால் நான் என்ன செய்ய வேண்டும்? கஷ்டப்படாமல் அனுப்பிவைக்க வழி உண்டா?

பதில்:

முதலில் அது ஆணா பெண்ணா என்று பார்த்துவிடுங்கள். உங்கள் கேள்வியில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

பெண் என்றால் ஐந்து வயதெல்லாம் ஒரு வயதே கிடையாது. ரெட் நீ பெண்கள் 20, 25 வருடம் இருப்பது சகஜம். ஆணுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. குஞ்சிலிருந்து ஐந்தாறு வருடத்தில் பருவத்துக்கு வரும், கடைசியாக ஒருமுறை சட்டை உரிக்கும், அதோடு வளர்ச்சி முடிந்தது. அதற்குப் பிறகு ஒரு வருடம் இருந்தாலே பெரிய விஷயம். சிலது சில மாதத்திலேயே போய்விடும், சிலது இரண்டாவது வருடத்தையும் எட்டிப் பார்க்கும்.

அடையாளம் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. கண்ணாடியில் ஏறி நிற்கும்போது அடிப்பக்கத்தைப் பாருங்கள். பருவமடைந்த ஆணுக்கு முதல் ஜோடிக் கால்களின் உள்பக்கத்தில் சின்னக் கொக்கி ஒன்று துருத்திக்கொண்டிருக்கும். இணை சேரும்போது பெண்ணின் நச்சுப்பல்லை எட்டிப் பிடித்துத் தள்ளி நிறுத்துவதற்கு அது. வாய்க்கு இருபுறமும் குட்டிக் கால் மாதிரி இரண்டு இருக்குமே, பெடிபால்ப் என்பார்கள், அவற்றின் நுனி உருண்டு தடித்திருக்கும். கால் நீண்டு, வயிறு சிறுத்து, ஆளே ஒல்லியாகத் தெரியும். பெண் தேடுகிற வேகத்தில் ராத்திரி முழுக்கத் தொட்டியைச் சுற்றும், சாப்பாட்டில் நாட்டமே இருக்காது. இதெல்லாம் பொருந்தினால் உங்கள் வீட்டில் நடப்பது நோயல்ல, மருந்து தேடி அலைய வேண்டாம்.

கொக்கி இல்லை, பழைய சட்டை ஒன்று கையில் இருக்கிறது என்றால் அதன் வயிற்றுப் பகுதியைச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து மெதுவாகப் பிரித்துப் பாருங்கள். உள்பக்கம் நுரையீரலின் வெள்ளைத் தடங்கள் நான்கு தெரியும். முன் ஜோடிக்கு நடுவில் பை மாதிரி ஒரு மடிப்பு இருந்தால் பெண். அப்படியானால் இரண்டு மாதப் பட்டினி ஒரு விஷயமே இல்லை. சட்டை உரிக்கப் போகிறது என்றுதான் முதலில் நினைக்க வேண்டும்.

நான் இருப்பது இங்கிலாந்தில், லெஸ்டரில். என்னிடம் இரண்டு டரன்டுலாக்கள் வயதாகிப் போயிருக்கின்றன. ஒன்று ரெட் நீ ஆண், இன்னொன்று சிலி ரோஸ் பெண். (அம்மா வீடியோ காலில் பார்த்துவிட்டு, "ஒட்டடை அடிச்சு அடிச்சே என் இடுப்பு போச்சு, நீ காசு குடுத்து வாங்கி வெச்சிருக்கியா" என்றார்.) சிலி ரோஸின் வயது யாருக்கும் தெரியாது. அந்தக் காலத்தில் சிலி நாட்டிலிருந்து காட்டில் பிடித்த பெரிய பெண்களாகவே வந்து இறங்கின, கடைக்காரருக்கே தெரியாது. ரெட் நீ 1985-லேயே, அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் சேர்ந்துவிட்டதால் கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் வளர்ப்பில் பிறந்தவை. அதனால்தான் உங்களால் ஐந்து வருடம் என்று உறுதியாகச் சொல்ல முடிகிறது.

இனி, கடைசி காலம்தான் என்றே வைத்துக்கொள்வோம். நான் பார்த்தவரை, வயதான டரன்டுலாவை அதிகம் படுத்துவது முதுமையல்ல, நம் பதற்றம். எடுத்துப் பார்ப்பது, இடம் மாற்றுவது, சூடு வைப்பது, தண்ணீர் தெளிப்பது, வாயில் பூச்சியைத் திணிப்பது. அதற்குத் தேவை தண்ணீர், விழுந்தால் அடிபடாத இடம், தொந்தரவில்லாத இருட்டு. இவ்வளவுதான்.

அசையாமல் கிடப்பதைக் கண்டு பயப்பட வேண்டாம். இந்த இனத்தின் நீண்ட ஆயுளுக்கே அதுதான் காரணம். மேற்கு ஆஸ்திரேலியாவில் பார்பரா யார்க் மெயின் என்ற ஆய்வாளர் 1974 முதல் பின்தொடர்ந்த ஒரு பொறிக்கதவுச் சிலந்தி (மண்ணில் வளை தோண்டி மூடி போட்டு வாழ்வது) இருந்தது. டரன்டுலாவுக்குத் தூரத்துச் சொந்தம். குறிப்பேட்டில் அதற்கு 16-ஆம் எண். ஒரே வளையில் 43 வருடம் இருந்தது. 2016-இல் போய்ப் பார்த்தபோது வளையின் மூடியில் ஓட்டை, சிலந்தி இல்லை. ஒட்டுண்ணிக் குளவியின் வேலை. அந்த வயதிலும் முதுமை அதைக் கொண்டுபோகவில்லை. அதிகம் நகராமல், அதிகம் செலவழிக்காமல் இருப்பதுதான் இவற்றின் பிழைப்பு. சிலி ரோஸ் ஒரு வருடத்துக்கும் மேல் பட்டினி கிடந்துவிட்டு எதுவும் நடக்காதது போல் சாப்பிட ஆரம்பிக்கும்.

ஆகவே சாப்பிட்டதா என்பதைவிட வயிற்றைக் கவனியுங்கள். வயிறு முன்னுடலைவிடச் சிறுத்து, தோல் சுருங்கியிருந்தால் உடம்பில் நீர் குறைந்திருக்கிறது. கால்களையும் பாருங்கள். சிலந்திக்குக் காலை மடக்கத் தசை உண்டு. முக்கியமான இரண்டு மூட்டுகளில் நீட்டுவதற்குத் தசை கிடையாது. ஜேசிபியின் கை எண்ணெய் அழுத்தத்தில் நீள்வது மாதிரி, உடலுக்குள் இருக்கும் திரவத்தின் அழுத்தத்தில்தான் கால் நீள்கிறது. நீர் குறைந்தாலோ இதயம் தளர்ந்தாலோ அழுத்தம் இறங்கும், கால்கள் தானாக உள்ளே மடங்கும். கடைசிச் சுருளல் என்பது இதுதான். முதல் அறிகுறி சின்னதாகத்தான் இருக்கும்: பரப்பி வைக்கும் கால்களை உடலோடு ஒட்டி வைத்துக்கொள்ளும், பின்னங்கால் லேசாக இழுபடும்.

இங்கே பலர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். மல்லாந்து கிடந்தால் செத்துவிட்டது என்று குப்பையில் போட்டவர்களும் உண்டு. மல்லாந்து கிடப்பது சட்டை உரிக்க. குப்புற இருந்தபடி எட்டுக் காலும் உடலுக்கு அடியில் சுருண்டால்தான் ஆபத்து. சட்டை உரிக்கும்போது தொடாதீர்கள், ஊதாதீர்கள், தண்ணீர் அடிக்காதீர்கள். தோல் மட்டுமல்ல, வாயின் உட்பூச்சு, உறிஞ்சும் இரைப்பையின் உள்ளுறை, நுரையீரலின் உறை எல்லாவற்றையும் சேர்த்துக் கழற்றுகிறது. கிழட்டுப் பெண்ணுக்கு இது பெரிய வேலை, ஒரு நாள் முழுக்கக்கூட ஆகலாம், பாதியில் சிக்கிப் போய்விடுவதும் உண்டு. கால் மட்டும் சிக்கியிருந்தால் அந்த இடத்தில் கிளிசரின் கலந்த தண்ணீரைச் சின்னத் தூரிகையால் தொட்டு வைக்கலாம், இழுக்கக் கூடாது. பருவமடைந்த ஆண் மறுபடி உரிக்க முயன்றால் பெரும்பாலும் அந்தத் தடித்த பெடிபால்ப் மாட்டிக்கொள்ளும். அதில் நாம் செய்யக்கூடியது அநேகமாக ஒன்றுமில்லை.

சுருளத் தொடங்கினால் இணையத்தில் எல்லோரும் சொல்லும் வைத்தியம் "ஐசியு": பிளாஸ்டிக் டப்பாவில் ஈர டிஷ்யூ விரித்து, மூடி, சூடான இடத்தில் வைப்பது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. காற்றில் இருக்கும் ஈரத்தைச் சிலந்தி குடிக்காது, வாயால்தான் குடிக்கும். மூடிய டப்பாவில் புழுக்கமும் பூஞ்சையும்தான் மிச்சம். அதற்குப் பதில் ஒரு பாட்டில் மூடியில் தண்ணீர் ஊற்றி, சிலந்தியின் முன்பக்கத்தை அதன் விளிம்பில் சாய்த்து வையுங்கள். நச்சுப்பல்லுக்கு அடியில், பெடிபால்ப்களின் அடிப்பகுதிக்கு நடுவில் வாய் இருக்கிறது. அந்த இடம் நனைய வேண்டும். வயிறு மட்டும் தண்ணீருக்குள் போகக் கூடாது, மூச்சு விடும் நுரையீரல்கள் வயிற்றின் அடிப்பக்கத்தில்தான் இருக்கின்றன.

எங்கள் சிலி ரோஸுக்குக் கடைசியில் மூடிவரை வருவதற்கே தெம்பில்லை. ஊசியில்லாத சிரிஞ்சால் ஒரு சொட்டு எடுத்து நச்சுப்பல்லின் அடியில் விடுவேன். முதலில் சொட்டு அப்படியே முடியில் தொங்கிக்கொண்டிருக்கும், ஒன்றும் நடக்காது. கொஞ்ச நேரத்தில் நச்சுப்பல் இரண்டும் மாறி மாறி ஒரு இழை அளவு அசையும், சொட்டு ஓரத்திலிருந்து வற்ற ஆரம்பிக்கும். அது முழுதாகப் போனபின் அடுத்தது. சில நாள் மறுநாள் காலையில் கால்கள் விரிந்திருக்கும். சில நாள் இருக்காது.

சாப்பாடு விஷயத்தில் ஒன்றே ஒன்று: உயிருள்ள கிரிக்கெட் பூச்சியைப் போட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். தளர்ந்த சிலந்தியை அது கடித்துக் குதறிவிடும். கொன்ற பூச்சியையோ நடுவில் வெட்டிய மீல்வோர்ம் புழுவையோ, வெட்டிய ஈரப்பக்கம் வாயில் படும்படி இடுக்கியால் வைக்கலாம். சிலந்தி மெல்லுவதில்லை, செரிமான நீரை வெளியே விட்டுக் கரைத்து உறிஞ்சுகிறது, அதனால் ஈரம் பட்டால் சில சமயம் எடுத்துக்கொள்ளும். காலையில் அப்படியே இருந்தால் எடுத்து எறிந்துவிடுங்கள், வற்புறுத்த வேண்டாம்.

தொட்டியை உயரம் குறைத்துவிடுங்கள். தரையிலிருந்து மூடிவரை, கால் விரித்த நீளத்தைப் போல் ஒன்றரை மடங்குக்கு மேல் வேண்டாம். வயதான சிலந்திக்குப் பிடிமானம் நழுவும், விழுந்தால் வயிறு கிழியும், பெரும்பாலும் அதிலிருந்து மீளாது. சின்னக் கீறல் என்றால் சோள மாவு தூவிக் கசிவை நிறுத்தலாம். மண்ணைக் கூட்டினாலே உயரம் குறைந்துவிடும். இங்கே கடையில் விற்கும் தேங்காய் நார்த்தூள் கட்டி பெரும்பாலும் இலங்கையிலிருந்தோ நம்ம பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்தோ வருவதுதான், அதையே காசு கொடுத்து வாங்கித் தண்ணீரில் ஊறப்போடும்போது எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும். கூரான கல், குச்சி இருந்தால் எடுத்துவிடுங்கள். வீட்டுச் சூடு 22, 23 டிகிரி இருந்தால் போதும், ஹீட் மேட் (தொட்டியைச் சூடாக்கும் மின்விரிப்பு) உடம்பை வற்றவைக்கும்.

உங்கள் கேள்வியில் "தள்ளாடுகிறது" என்பதை மட்டும் இன்னொரு தடவை கவனித்துப் பாருங்கள். தளர்ச்சியில் தள்ளாடுவது வேறு, உதறுவது வேறு. கால்கள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் வெட்டி வெட்டி இழுத்தால் அது முதுமை இல்லை. வளர்ப்பவர்கள் டிகேஎஸ் (டிஸ்கைனடிக் சிண்ட்ரோம், அதாவது கட்டுப்பாடில்லாத அசைவு) என்பார்கள். காரணம் உறுதியாகவில்லை, ஆனால் பூச்சிமருந்து மேல்தான் எல்லோருக்கும் சந்தேகம். அறையில் கொசுவர்த்தி, ப்ளக்கில் செருகும் கொசு விரட்டி, கரப்பான் ஸ்ப்ரே, பூனை நாய்க்குப் போடும் உண்ணி மருந்து இருந்தால் இன்றே தொட்டியை வேறு அறைக்கு மாற்றுங்கள். வாயைச் சுற்றி வெள்ளையாகப் பசை, கெட்ட நாற்றம், பெடிபால்ப் தொங்கல், நுனிக்காலில் நடை, இவை தெரிந்தால் நூற்புழு, அதாவது நூல் மாதிரி மெல்லிய ஒட்டுண்ணிப் புழு. கலிஃபோர்னியாவில் 2022-இல் இப்படி வாயைத் தாக்கும் புது இனம் ஒன்றை விவரித்தார்கள். வைத்தியம் இல்லை. வேறு சிலந்திகள் இருந்தால் இடுக்கி, தண்ணீர்த் தட்டு எல்லாவற்றையும் தனியாக வையுங்கள்.

கஷ்டப்படாமல் அனுப்பிவைப்பது பற்றி. சும்மா வயதாகித் தளர்கிறது என்றால் நான் எதுவும் செய்ய மாட்டேன். எங்கள் ஆண் ஒரு மூலையில் உட்கார்ந்தபடியே கொஞ்சம் கொஞ்சமாகச் சுருண்டது, அதை இருக்க விட்டோம். வயிறு கிழிந்துவிட்டது, நூற்புழு முற்றிவிட்டது என்ற நிலையில்தான் அந்தப் பேச்சே. அப்போதும் ஃபிரீசரில் வைப்பதை நான் சொல்ல மாட்டேன். பழைய பழக்கம் அது, ஆனால் உறைந்து சாகும்போது அது என்ன உணர்கிறது என்று யாரும் உறுதியாகச் சொன்னதில்லை. அயல் விலங்குகளைப் பார்க்கும் கால்நடை மருத்துவர் ஐசோஃபுளூரேன் வாயுவில் முதலில் மயக்கிவிட்டு அப்புறம் முடிப்பார். சிலந்தியோடு போனால் சிரிப்பார்களோ என்று தயங்க வேண்டாம், முன்கூட்டியே போன் செய்து சிலந்தி பார்ப்பீர்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

போய்விட்டது என்ற முடிவுக்கும் அவசரப்படாதீர்கள். சுருண்ட சிலந்தி நாள் கணக்கில் அப்படியே கிடந்து திடீரென ஒரு காலை அசைக்கும். மென்மையான தூரிகையால் தொட்டுப் பாருங்கள், ஓரிரு நாள் விடுங்கள், நாற்றம் வந்தால் சந்தேகமில்லை. புதைப்பதானால் அப்படியே புதைக்கலாம். வைத்துக்கொள்ள விரும்பினால் 70 சதவீத ஆல்கஹாலில் போட வேண்டும், வெறுமனே காயவைத்தால் வயிறு சுருங்கிவிடும். (என் மனைவி ஜாடிக்கு ஒப்புக்கொள்ளவில்லை, எங்களிடம் சட்டைகள் மட்டும்தான் இருக்கின்றன.) எதைத் தொட்டாலும் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். ரெட் நீயின் வயிற்று முடி செத்த உடம்பிலும் பழைய சட்டையிலும் அதே அரிப்பைக் கொடுக்கும், கண்ணில் பட்டால் மருத்துவரிடம்தான் போக வேண்டியிருக்கும்.