வாசகர் கேள்வி பதில்: எல்லையில் இறக்கி ஏற்றப்படும் சரக்கு

கேள்வி: எங்கள் ஊரில் பல விடுதிகளின் பெயர்ப்பலகைகளில் வங்க எழுத்தையும் காணலாம். வங்கதேசத்திலிருந்து சிகிச்சைக்காக அத்தனை பேர் வந்துகொண்டிருந்தார்கள். 2024-க்குப் பிறகு அவர்களின் வரவு குறைந்துவிட்டது. பக்கத்து நாட்டிலிருந்து வருவது ஏன் இவ்வளவு கடினம்?
– ஒரு வாசகி, வேலூர்

பதில்: 2024 ஜூலையில் வங்கதேசத்தில் மாணவர் போராட்டம் தீவிரமடைந்தபோது, கொல்கத்தாவிலிருந்து டாக்காவுக்கும் குல்னாவுக்கும் சென்ற மைத்ரி, பந்தன் ரயில்களும், வடவங்கத்திலிருந்து டாக்காவுக்குச் சென்ற மிதாலி ரயிலும் நிறுத்தப்பட்டன. ஆகஸ்டில் ஆட்சி கவிழ்ந்ததும் இந்திய விசா மையங்கள் மூடப்பட்டன. மீண்டும் திறந்தபோது மருத்துவம் போன்ற அவசரத் தேவைகளுக்கு மட்டும், அதுவும் குறைந்த எண்ணிக்கையில், விசா வழங்கப்பட்டது. நோயாளி தனியாக வருவதில்லை. உடன் வரும் மகனுக்கோ மனைவிக்கோ விசா கிடைக்காவிட்டால் அந்தச் சிகிச்சையே தள்ளிப்போகிறது.

மைத்ரி ரயிலின் கதையை இங்கே சொல்ல வேண்டும். பிரிவினைக்குப் பிறகும் இரு வங்கங்களுக்கிடையே ரயில்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. 1965 போர்தான் அவற்றை நிறுத்தியது. கொல்கத்தாவிலிருந்து டாக்காவுக்கு மீண்டும் ஒரு பயணிகள் ரயில் புறப்பட 2008 ஏப்ரல் 14 வரை, அதாவது 43 ஆண்டுகள், காத்திருக்க வேண்டியிருந்தது. அப்படி வந்த ரயிலிலும், இந்தியப் பக்கத்துக் கேதே நிலையத்தில் எல்லோரும் மூட்டை முடிச்சுகளோடு இறங்கிச் சோதனைக்கு நின்று, மறுபடி ஏறி, எல்லைக்கு அப்பால் வங்கதேசப் பக்கத்துத் தர்சனாவில் அதே வரிசையில் இன்னொரு முறை நின்றார்கள். 2017 நவம்பரில் இந்தச் சோதனைகள் பயணம் தொடங்கும் நிலையத்துக்கும் முடியும் நிலையத்துக்கும் மாற்றப்பட்டன. தண்டவாளத்தில் எந்த மாற்றமும் செய்யாமலே பயண நேரம் சில மணி நேரம் குறைந்தது. அந்த நேரத்தையெல்லாம் தூரம் தின்னவில்லை, இரண்டு வரிசைகளே தின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: நூல் ஏற்றிச் செல்லும் லாரி பெட்ராபோல் வரை போய், அங்கிருந்து நேராக டாக்காவுக்குப் போகாதாமே, உண்மையா? சாலை இருக்கிறதல்லவா?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: உண்மைதான். சாலை இருக்கிறது, லாரி தொடர்ந்து செல்லத்தான் அனுமதி இல்லை. மேற்கு வங்கத்தின் பெட்ராபோலைத் தாண்டும் இந்திய லாரி, எதிரே உள்ள பேனாபோல் நிலத்துறைமுகத்தின் கிடங்கு வரை மட்டுமே செல்லலாம். அங்கே சுமை தூக்கும் தொழிலாளர்கள் சரக்கை இறக்கி வங்கதேச லாரிகளில் ஏற்றுவார்கள். நம் லாரி வெறுமையாகத் திரும்பும். அதற்கு முன்பே ஆவணச் சரிபார்ப்புக்கும் முறை வருவதற்கும் எல்லைக்கு இந்தப் பக்கம் உள்ள போங்காவ் பகுதியில் காத்துக் கிடக்க வேண்டும். அந்த நாட்களுக்கான ஓட்டுநர் படி, நிறுத்துமிடக் கட்டணம், இறக்கி ஏற்றும் கூலி, வழியில் நேரும் சேதம் எல்லாம் சரக்கின் விலையில்தான் ஏறுகின்றன.

இந்த எல்லையைக் கடக்கப் பல நாட்கள் ஆவதையும், கிழக்கு ஆப்பிரிக்கா உள்ளிட்ட பிற பகுதிகளில் இதே அளவு போக்குவரத்து உள்ள எல்லைகளை ஆறு மணி நேரத்துக்குள் கடந்துவிட முடிவதையும் உலக வங்கி 2021-இல் வெளியிட்ட ஆய்வு ஒப்பிட்டுக் காட்டியது. இந்திய நிறுவனம் ஒன்றுக்கு வங்கதேசத்தோடு வணிகம் செய்வதைவிடப் பிரேசிலோடோ ஜெர்மனியோடோ செய்வது 15 முதல் 20 சதவீதம் மலிவு என்றும் அதே ஆய்வு சொன்னது. கென்யாவுக்கும் உகாண்டாவுக்கும் இடையிலான புசியாவில் இரு நாட்டு அதிகாரிகளும் ஒரே கட்டடத்தில் அமர்ந்து வேலையை முடித்துவிடுகிறார்கள். நம்மால் முடியாத வித்தை எதுவும் அதில் இல்லை.

லாரிகள் நேராகச் செல்வதற்கான ஒப்பந்தத்தில் வங்கதேசம், பூடான், இந்தியா, நேபாளம் ஆகிய நான்கும் 2015 ஜூனில் திம்புவில் கையெழுத்திட்டன. மறு ஆண்டு பூடானின் மேலவை அதை ஏற்க மறுத்தது. மற்ற மூன்று நாடுகளும் தொடர முடிவு செய்தும், லாரிகள் இன்றும் பேனாபோலில்தான் நிற்கின்றன.

2025-இல் நிலைமை மேலும் மோசமானது. ஏப்ரலில், வங்கதேசச் சரக்கு நம் நாட்டு வழியாக மூன்றாம் நாடுகளுக்குச் செல்லும் வசதியை இந்தியா விலக்கியது. அதே மாதம் வங்கதேசம் நிலவழி நூல் இறக்குமதியை நிறுத்தியது. மே மாதம் அவர்களின் ஆயத்த ஆடைகள் மும்பை அருகிலுள்ள நவசேவா, கொல்கத்தா துறைமுகங்கள் வழியாக மட்டுமே வரலாம் என்று இந்தியா அறிவித்தது. இரு தரப்பும் காரணங்கள் சொல்கின்றன. ஆனால் கடல் சுற்றிப் போகும் நாட்களுக்கும் செலவுக்கும் பதில் சொல்வோர் உங்கள் ஊர் ஆலைக்காரரும் அங்கே தையல் இயந்திரத்தின் முன் இருக்கும் பெண்ணும்தான்.

கேள்வி: அடுத்த நாட்டின் நிலத்தில் வழி கேட்க நமக்கு என்ன உரிமை?
– ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: உரிமை என்று நானும் சொல்ல மாட்டேன், தேவை என்று சொல்வேன். திரிபுராவின் தலைநகரான அகர்தலா வங்கதேச எல்லையை ஒட்டியே இருக்கிறது. அங்கிருந்து கொல்கத்தாவுக்கு வங்கதேசத்தின் வழியே சுமார் 550 கி.மீ.; இந்திய மண்ணிலேயே போக வேண்டுமானால், வடகிழக்கு மாநிலங்களை நாட்டின் மற்ற பகுதிகளோடு இணைக்கும், சுமார் 20 கி.மீ. அகலமே உள்ள சிலிகுரி இடுக்கைச் சுற்றிக்கொண்டு ஏறத்தாழ 1,600 கி.மீ. ஒரு காலத்தில் அசாம் தேயிலை ரயிலில் நேரே சிட்டகாங் துறைமுகத்துக்குப் போனது. 1947-இல் கோடு கிழித்தபோது இந்தப் பாதைகளை யாரும் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

ஆனால் வழி கொடுப்பவரின் சிரமத்தையும் நாம் பார்க்க வேண்டும். திரிபுராவின் பாலட்டானா மின்நிலையத்துக்கான பெரும் இயந்திரங்கள் ஆற்று வழியாக வங்கதேசத்தின் ஆசுகஞ்சை அடைந்து, அங்கிருந்து சாலை வழியே அகர்தலாவுக்குக் கொண்டுவரப்பட்டன. அத்தனை எடையை அங்குள்ள பாலங்கள் தாங்காதென்று பக்கத்தில் தற்காலிகப் பாதை போட்டபோது, தித்தாஸ் ஆற்றின் குறுக்கே மண்ணைக் கொட்டி நீரோட்டத்தையே மறித்துவிட்டார்கள். கரையோர மக்களும் அந்நாட்டின் சூழலியலாளர்களும் கொதித்தது முற்றிலும் நியாயம். அந்த இயந்திரங்கள் ஓடத் தொடங்கிய பின், 2016 மார்ச் முதல் திரிபுராவிலிருந்து 100 மெகாவாட் மின்சாரம் எல்லை தாண்டிக் கொமில்லாவுக்குச் சென்றது.