வெயில் உப்புக்கு நல்லது, வாருகிறவருக்கு?

அன்புள்ள ஐயா,

கடும் வெப்பம் ஏழைகளை மேலும் ஏழையாக்குகிறது என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் தூத்துக்குடியில் வெயில் ஏறினால்தானே உப்பு விளையும்? வடக்கே போல இங்கே 45 டிகிரியும் அடிப்பதில்லையே?

ஒரு வாசகர், தூத்துக்குடி

அன்புள்ள நண்பருக்கு,

வெயில் உப்புக்கு நல்லதுதான். ஆனால் விளைச்சல் கூடினால் அது அளத்துக்காரர் கணக்கில் ஏறுகிறது. வாருகிறவருக்கு அன்றைய கூலிதான். அதற்காக விடிவதற்கு முன்பே பாத்தியில் இறங்கி, உச்சிவெயிலுக்குள் கரையேறப் பார்க்கிறார்கள். வெள்ளை உப்பில் பட்டுத் தெறிக்கும் ஒளி கண்ணைக் கெடுக்கிறது. பெண்கள் பாடு இன்னும் மோசம். கழிப்பறை இல்லாத அளங்களில் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். அது சிறுநீர்த் தொற்றில் கொண்டுபோய் விடுகிறது. மருந்துக்குச் செலவு; படுத்த நாளில் கூலியும் இல்லை. வெப்பம் வறுமையாவது இந்த வழியில்தான்.

45 டிகிரி விஷயத்துக்கு வருகிறேன். கடலோரக் காற்றில் ஈரம் மிகுதி. வியர்வை உலராது, உலராவிட்டால் உடல் குளிராது. அதனால்தான் வானிலைத் துறை வெப்ப அலைக்குச் சமவெளியில் 40 டிகிரியையும் கடலோரத்தில் 37 டிகிரியையும் தொடக்க வரம்பாக வைத்திருக்கிறது.

மழையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சூடேறிய காற்று கூடுதல் நீராவியைத் தாங்கும். கொட்டும்போது மொத்தமாகக் கொட்டும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் பெய்தது. உங்கள் பக்கத்து உப்பளங்கள் மூழ்கிக் கிடந்ததை நீங்களே பார்த்திருப்பீர்கள். பருவமழை மாதங்களில் எப்படியும் வேலை இருக்காது. அதற்காக அரசு தரும் 5,000 ரூபாய், கடன்காரர் வாசலுக்கு வருவதைச் சில வாரம் தள்ளிப்போடும், அவ்வளவுதான்.

2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். வரவேற்கிறேன். ஆனால் உயிரோடு இருந்து கூலியை இழந்தவருக்கு என்ன? குஜராத்தில் சேவா என்னும் பெண் தொழிலாளர் சங்கம் ஒரு காப்பீட்டைக் கொண்டுவந்தது. 2024 கோடையில் வெப்பம் முன்பே குறித்துவைத்த அளவைத் தாண்டியதும் ஆயிரக்கணக்கான பெண்களுக்குத் தலா 400 ரூபாய் அளவில் கிடைத்தது. சிறிய தொகைதான்; ஆனால் எந்த அலுவலகத்திலும் மனுவோடு நிற்காமல் வந்த தொகை.

இங்கே அப்படி ஒன்று வருவதானால், ஈரப்பதத்தையும் சேர்த்துத்தான் வரம்பு வைக்க வேண்டும். டிகிரியை மட்டும் பார்த்தால் உப்பளத்துப் பெண்களுக்கு ஒரு ரூபாயும் வராது.