‘சொல்’ ஒன்று, ஆங்கில வினைகள் பல

கேள்வி: ‘மேலாளர் என்னிடம் சொன்னார்’ என்னும் பொருளில் அலுவலகக் கடிதம் ஒன்றில் ‘த மேனேஜர் ஸெட் மீ’ என்று எழுதினேன். அதை ‘டோல்ட் மீ’ என்று திருத்தினார்கள். அடுத்த கடிதத்தில் ‘டோல்ட் டு மீ’ என்று எழுதியபோது ‘டு’வை அடித்துவிட்டார்கள். ‘ஸே’, ‘டெல்’ இரண்டுக்கும் ‘சொல்’ என்பதுதானே பொருள்? எதை எங்கே எழுதுவது?

பதில்: இரண்டு திருத்தங்களும் சரியே. தமிழில் ‘என்னிடம்’, ‘எனக்கு’ என்று பெயரோடு ஒட்டி நிற்கும் உருபே கேட்பவர் யார் என்பதைக் காட்டிவிடுவதால், ‘சொல்’ என்னும் ஒரே வினை எல்லா இடங்களிலும் தடையின்றிப் பொருந்துகிறது. கேட்பவருக்கென்று அத்தகைய உருபு ஆங்கிலத்தில் இல்லை. எனவே அந்த வேலையில் ஒரு பகுதி வினையின் தலையில் விழுகிறது. ‘டெல்’ என்பதற்குப் பின் பெரும்பாலும் கேட்பவர் நேராக வந்து நிற்க வேண்டும்: ‘ஷீ டோல்ட் மீ’. ‘ஸே’ என்பதற்குப் பின் சொல்லப்பட்ட செய்தி வர வேண்டும்: ‘ஷீ ஸெட் தட்...’. அங்கே கேட்பவரையும் குறிப்பிட விரும்பினால்தான் ‘டு’ தேவைப்படும்: ‘ஷீ ஸெட் டு மீ’. நம் ‘இடம்’ என்னும் உருபை மனத்தில் வைத்துக்கொண்டு எழுதுவதால்தான், வேண்டாத இடத்தில் ‘டு’ நுழைந்துவிடுகிறது.

ஐயம் எழும்போது செயப்பாட்டு வினையாக்கிப் பாருங்கள். ‘எனக்குத் தகவல் சொல்லப்பட்டது’ என்பதற்கு ‘ஐ வாஸ் டோல்ட்’ என்பதே சரி. ‘ஐ வாஸ் ஸெட்’ என்று அந்தப் பொருளில் எழுத முடியாது. ‘ஹீ இஸ் ஸெட் டு பி ரிச்’ என்ற தொடரைக் கண்டு சிலர் மயங்குவதுண்டு. அவரிடம் யாரோ எதையோ சொன்னதாக அதற்குப் பொருளில்லை. அவர் செல்வந்தர் என்று பிறர் சொல்கிறார்கள் என்பதே பொருள்.

உண்மை, பொய், கதை போன்ற சிலவற்றோடு, கேட்பவர் யாரும் குறிக்கப்படாதபோதும் ‘டெல்’ வரும். இதை வெறும் விதிவிலக்காக மனப்பாடம் செய்வதைவிட, அந்தச் சொல்லின் பழைய பொருளை அறிந்துகொள்வது எனக்குப் பிடித்த வழி. பழைய ஆங்கிலத்தில் அதற்கு ‘எண்ணுதல்’ என்ற பொருளும் இருந்தது. வங்கியில் பணத்தை எண்ணிக் கொடுப்பவரை ‘டெல்லர்’ என்று அழைப்பது அதன் எச்சமே. நிகழ்ந்தவற்றை ஒன்றன்பின் ஒன்றாக எண்ணி வைப்பதுபோல எடுத்துரைப்பதுதான் கதை சொல்லுதல் என்று கொண்டால், ‘டெல் எ ஸ்டோரி’ என்பது இயல்பாகவே மனத்தில் தங்கிவிடும்.

கேள்வி: ‘ஸ்பீக்’, ‘டாக்’ இரண்டும் ‘பேசு’தானே? ஒன்றின் இடத்தில் மற்றொன்றை எழுதலாமா?

பதில்: பல இடங்களில் எழுதலாம்; இங்கே எல்லைக்கோடு அவ்வளவு அழுத்தமானதன்று. ஒருவர் பேசப் பலர் கேட்கும் மேடைக்கும், சற்று மரியாதை கலந்த சூழலுக்கும் ‘ஸ்பீக்’ பொருந்தும்; இருவர் மாறி மாறி உரையாடுவதற்கு ‘டாக்’ பொருந்தும். மொழியின் பெயர் வரும்போது மட்டும் உறுதியாக இருங்கள். ‘நான் தமிழ் பேசுவேன்’ என்பதற்கு ‘ஐ ஸ்பீக் தமிழ்’ என்பதே சரியான வழக்கு.

சூழலுக்கேற்ப வினையைத் தேர்வது நமக்குப் புதிதன்று. ‘ஈ’ என்பது இழிந்தோன் கூற்று, ‘தா’ என்பது ஒப்போன் கூற்று, ‘கொடு’ என்பது உயர்ந்தோன் கூற்று என்று தொல்காப்பியம் வகுத்திருக்கிறது. ஒரே செயலுக்கு மூன்று வினைகளைப் பிரித்துக் காட்டும் இலக்கணத்தைப் பெற்ற நமக்கு ‘ஸ்பீக்’, ‘டாக்’ வேறுபாடு எட்டாததாக இருக்க முடியாது.

கேள்வி: ‘டிஸ்கஸ் அபவுட்’, ‘எக்ஸ்ப்ளெய்ன் மீ’ இவை சரியா?

பதில்: இரண்டும் பிழை. ‘டிஸ்கஸ்’ என்ற வினையிலேயே ‘பற்றி’ என்பது அடங்கியிருப்பதால் ‘அபவுட்’ மிகை. ‘டிஸ்கஸ் த ப்ராப்ளம்’ என்று எழுதினால் போதும். ‘டாக்’ என்று தொடங்கினால் மட்டுமே ‘அபவுட்’ வேண்டும். ‘எக்ஸ்ப்ளெய்ன்’ இந்த வகையில் ‘ஸே’யின் தோழமை, கேட்பவரை நேராக ஏற்காது. ‘எக்ஸ்ப்ளெய்ன் இட் டு மீ’ என்று எழுதுங்கள். ‘ஸஜஸ்ட்’, ‘மென்ஷன்’ ஆகியவற்றுக்கும் இதே முறைதான்.