ஆய்விதழை எடைபோடுவது எப்படி? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: திருச்செங்கோட்டில் ஒரு பொறியியல் கல்லூரியில் பகுதி நேர ஆய்வு மாணவியாக இருக்கிறேன். திருப்பூர்ச் சாயப்பட்டறைக் கழிவு நீரின் நிறத்தை நீக்குவது என் தலைப்பு. ஏழு நாளில் ஏற்புக் கடிதம், கட்டணம் 12,000 ரூபாய், இம்பாக்ட் ஃபேக்டர் 7.8 என்று ஓர் ஆய்விதழிலிருந்து மின்னஞ்சல் வந்துள்ளது. ஸ்கோபஸ் பட்டியலில் இருந்தால் போதும், அனுப்பிவிடம்மா என்கிறார் நெறியாளர். அனுப்பலாமா?

பதில்: அனுப்ப வேண்டாம். கட்டுரையை இதழாசிரியர் படித்து, அத்துறை அறிந்த இருவரையோ மூவரையோ தேடிப் பிடித்து, அவர்கள் தம் வேலைகளுக்கிடையே படித்துக் குறிப்பெழுதி அனுப்புவதற்கு வாரக்கணக்கில், பல சமயம் மாதக்கணக்கில் ஆகும். ஏழே நாளில் ஏற்பு என்று முன்கூட்டியே உறுதி தருபவர்கள் உங்கள் கட்டுரையைப் படிக்கப்போவதில்லை. 2013ஆம் ஆண்டு ஜான் பொஹான்னன் என்ற இதழாளர், வேண்டுமென்றே பிழைகளை வைத்து எழுதிய புற்றுநோய் மருந்துக் கட்டுரை ஒன்றை இணையத்தில் இலவசமாகப் படிக்கக் கிடைக்கும் 304 இதழ்களுக்கு அனுப்பிப் பார்த்தபோது, 157 இதழ்கள் அதை ஏற்றுக்கொண்டன.

7.8 என்ற எண்ணையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். ஓர் இதழின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்பதைச் சொல்லும் இம்பாக்ட் ஃபேக்டரை ஆண்டுதோறும் கணக்கிட்டு வெளியிடுவது கிளாரிவேட் நிறுவனம். ஏறக்குறைய அதே பெயரில் எண்களை விலைக்குத் தரும் கடைகளும் உண்டு. ஐ.எஸ்.எஸ்.என். என்பது இதழுக்குத் தரப்படும் வெறும் அடையாள எண், தரச் சான்று அன்று. ஆய்விதழ்களைத் தேர்ந்து பட்டியலிடும் தரவுத்தளமான ஸ்கோபஸில் இருக்கிறதா என்பதை இதழின் தளத்தில் பார்க்காமல் ஸ்கோபஸின் தளத்திலேயே தேடுங்கள், பெயரோடு ஐ.எஸ்.எஸ்.என். எண்ணும் பொருந்துகிறதா, சேர்க்கை இந்த ஆண்டு வரை தொடர்கிறதா, இடையில் நிறுத்தப்பட்டுவிட்டதா என்று பாருங்கள். நல்ல இதழ்களின் பெயரிலேயே போலித் தளம் நடத்துபவர்கள் இருப்பதால், மின்னஞ்சலில் வந்த இணைப்பைச் சொடுக்கி உள்ளே போகாதீர்கள்.

நெறியாளர் சொல்வது பாதி சரி. பட்டியலில் இருப்பது தேவைதான், ஆனால் அது மட்டும் போதாது. பெரிய பட்டியல்களில் இடம்பெற்றிருந்த ஹிந்தாவி என்ற பதிப்பகத்தின் இதழ்களிலிருந்து 2023ஆம் ஆண்டில் மட்டும் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் நம்பத்தகாதவை என்று திரும்பப் பெறப்பட்டன. ஈரோட்டு மஞ்சள் மண்டியில் மூட்டையின் மேல் எழுதியிருப்பதைப் பார்த்து யாரும் விலை சொல்வதில்லை, விரலியை ஒடித்து உள்நிறத்தைப் பார்க்கிறார்கள். நீங்களும் அந்த இதழின் அண்மை வெளியீட்டைத் திறந்து, உங்கள் தலைப்பை ஒட்டிய இரண்டு மூன்று கட்டுரைகளை முழுமையாகப் படியுங்கள். காய்ச்சி வடித்த நீரில் மெத்திலீன் ப்ளூ என்ற சாயத்தைக் கரைத்து நிறம் போய்விட்டது என்று முடித்திருக்கிறார்களா, பட்டறையிலிருந்து எடுத்த கழிவு நீரில் உப்பின் அளவு, சி.ஓ.டி. (கழிவை வேதியியல் முறையில் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜனின் அளவு), பி.எச். (அமில காரத் தன்மை) ஆகியவற்றையும் அளந்து சொல்லியிருக்கிறார்களா? நம் பக்கத்துச் சாயக்கழிவில் நிறத்தை விடப் பெரிய தலைவலி உப்புதான் என்பது இத்துறையில் இருப்பவர்களுக்குத் தெரியும். 2011ஆம் ஆண்டு உயர் நீதிமன்ற உத்தரவால் பட்டறைகள் மூடப்பட்ட பின்னர் நொய்யல் ஆற்றங்கரையில் யாரும் அதை மறந்துவிடவில்லை. உப்பைப் பற்றி ஒரு வரி கூடக் கேட்காமல் இத்தகைய கட்டுரையை ஏற்கும் இதழில் மதிப்பீட்டாளர் என்று ஒருவர் இருந்தாரா என்றே ஐயப்பட வேண்டும். அதே வெளியீட்டில் கான்கிரீட், யோகா, வணிகவியல் எல்லாம் அடுத்தடுத்து வந்திருந்தால் ஐயப்படக்கூட வேண்டியதில்லை.

கட்டணம் கேட்பதே குற்றம் என்று நினைத்துவிட வேண்டாம். யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய, நேர்மையான திறந்த அணுகல் இதழ்களும் கேட்கின்றன. வாசகர் சந்தாவில் நடக்கும், எழுதுபவருக்குக் கட்டணமே இல்லாத இதழ்களும் நிறைய உள்ளன, முதலில் அவற்றைப் பாருங்கள். இன்னொன்று: பல்கலைக்கழக மானியக் குழு ஏற்கத்தக்க இதழ்களைக் குறித்த தன் கேர் பட்டியலை 2025 பிப்ரவரியில் கைவிட்டு, இதழை எடைபோடும் பொறுப்பைக் கல்வி நிறுவனங்களிடமே விட்டுவிட்டது. ஆய்வேட்டை அளிக்கும் முன் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தைக் குழு 2022 விதிகளிலேயே நீக்கியிருந்தாலும், பல்கலைக்கழகங்கள் தமக்கென விதி வைத்துக்கொள்ளலாம் என்பதால், உங்கள் ஆய்வுப் பிரிவில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் கல்லூரி நடத்தும் பன்னாட்டு மாநாட்டின் அறிவிப்பில், கட்டுரைகள் அனைத்தும் ஸ்கோபஸில் இடம்பெறும் என்று அச்சிட்டுள்ளனர். கணினித் துறை உதவிப் பேராசிரியரான நான் இதை நம்பலாமா? (பெருந்துறை)

பதில்: இன்னும் நடக்காத மாநாட்டின் கட்டுரைத் தொகுப்பு பட்டியலில் சேரும் என்று கல்லூரி உறுதி தர இயலாது, அதைத் தீர்மானிப்பது பட்டியலை நடத்துவோர். சென்ற ஆண்டின் தொகுப்பு வெளியீட்டாளரின் தளத்தில் உண்மையாகவே இருக்கிறதா என்று தேடுங்கள். அழைப்பிதழில் அச்சாகியுள்ள வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவருக்கு எழுதி, தம் பெயர் குழுவில் இருப்பது அவருக்குத் தெரியுமா என்றும் கேளுங்கள். உங்கள் துறையில் மாநாடுகளுக்கு இதழ்களுக்கு நிகரான மதிப்பு உண்டு. ஆஸ்திரேலியாவிலிருந்து வரும் கோர் தரவரிசை அவற்றை ஏ ஸ்டார், ஏ, பி, சி என்று பிரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். பெரிய வெளியீட்டாளர் பெயரிலும் மயங்க வேண்டாம்: எம்.ஐ.டி. மாணவர்கள் 2005இல் விளையாட்டாக எழுதிய ஸ்கைஜென் என்ற நிரல் உருவாக்கிய பொருளற்ற கட்டுரைகள் 120க்கு மேல் தம் மாநாட்டுத் தொகுப்புகளில் இருந்ததை அறிந்து, ஸ்பிரிங்கரும் ஐ.இ.இ.இ.யும் 2014இல் அவற்றை நீக்க நேர்ந்தது.

கேள்வி: ஏற்கெனவே பணம் கட்டிவிட்டேன். கட்டுரை இன்னும் வெளியாகவில்லை. என்ன செய்வது? (கோபிசெட்டிபாளையம்)

பதில்: பணம் திரும்பி வருவது அரிது. பதிப்புரிமைப் படிவத்தில் கையெழுத்திடாமல், கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக இன்றே மின்னஞ்சல் அனுப்பிப் படி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். திரும்பப் பெறவும் கட்டணம் கேட்டால் கொடுக்காதீர்கள். அவர்களுடைய எழுத்துப்பூர்வமான ஒப்புதல் வரும் வரை வேறு இதழுக்கு அனுப்பினால் இரட்டைச் சமர்ப்பிப்பு என்ற சிக்கல் எழக்கூடும். அவர்கள் பதிலே போடாவிட்டால், நடந்ததையெல்லாம் புதிய இதழின் ஆசிரியருக்கு முன்கடிதத்திலேயே தெரிவித்துவிடுங்கள்.