படாடோபம்: கேள்வி பதில்

கேள்வி: ‘படாடோபம்’ என்பதில் வரும் ‘படா’, ‘படா ஜோர்’ என்கிறோமே, அந்த இந்திச் சொல்தானே?

பதில்: இல்லை. காதுக்கு அப்படிக் கேட்பதால் வரும் குழப்பம் அது. படாடோபம் வடமொழிக் கூட்டுச்சொல். ‘பட’ என்றால் பாம்பின் படம். ‘ஆடோபம்’ என்றால் புடைத்தல், விம்முதல். அகரமும் ஆகாரமும் சேர்ந்து ‘படா’ என நீண்டது. பிரித்தால் பட + ஆடோபம். படா + டோபம் அல்ல.

பாம்பு படமெடுத்துத் தன்னைப் பெரிதாகக் காட்டுவதே முதற்பொருள். பஞ்சதந்திரத்தில் ஒரு சுலோகம் உண்டு: விஷமில்லாத பாம்பும் படத்தை நன்றாக விரிக்க வேண்டும், விஷம் இருக்கிறதோ இல்லையோ, படாடோபமே பயமுறுத்திவிடும். இன்றைய பொருளுக்கு இதைவிட நல்ல விளக்கம் எந்த அகராதியிலும் கிடைக்காது.

கேள்வி: அப்படியானால் ஆடம்பரமும் இதுவும் ஒன்றா?

பதில்: ஆடம்பரம் வடமொழியில் ஒருவகை முரசு, பேரொலி, யானையின் பிளிறல் என்றும் பொருள் உண்டு. சத்தத்தில் தொடங்கிய சொல் இன்று செலவில் வந்து நிற்கிறது. ‘ஆடம்பர வீடு’ என்று கூசாமல் விளம்பரம் செய்கிறார்கள்; ‘படாடோப வீடு’ என்று எவரும் செய்யமாட்டார். ஆடம்பரமாகத் தனியே வாழலாம். படாடோபத்துக்குப் பார்க்க ஆள் வேண்டும்.

கேள்வி: டாம்பீகம்?

பதில்: ‘தம்பம்’ என்னும் வடசொல்லின் வழி வந்தது. அதன் பொருள் பாசாங்கு, போலிப் பக்தி. கீதையின் 16ஆம் அத்தியாயம், 4ஆம் சுலோகம் அசுர குணங்களை அடுக்கும்போது முதலில் நிறுத்துவது இதைத்தான். தமிழில் வெறும் வீண்பெருமையாக இளகிவிட்டது.

கேள்வி: ‘பகட்டு’ யானையைக் குறிக்கும் ‘பகடு’ என்பதிலிருந்து வந்ததா?

பதில்: பகடு எருதையும் குறிக்கும். ‘மடுத்தவாய் எல்லாம் பகடன்னான்’ என்ற குறளில் (624) வண்டியிழுக்கும் எருதுதான். அது வேற்றுமை ஏற்கையில் ‘பகட்டை’, ‘பகட்டின்’ என்று டகரம் இரட்டிக்கும். பழம்பாடலில் அதைப் பார்த்துவிட்டு ஜம்பம் என்று பொருள் எழுதினால் உரை கவிழ்ந்துவிடும். நாம் சொல்லும் பகட்டு, ‘பகட்டுதல்’ என்ற வினையோடு சேர்ந்த தனிச்சொல்.

கேள்வி: கிளாமர்?

பதில்: ‘கிராமர்’, அதாவது இலக்கணம் என்ற ஆங்கிலச் சொல்தான்! ஸ்காட்லாந்துப் பேச்சில் ரகரம் லகரமானது. படித்தவனுக்கு மந்திரமும் தெரியும் என்று பாமரர் நம்பிய காலத்தில் கிளாமருக்குக் கண்கட்டு வித்தை என்று பொருள். 19ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்து எழுத்தாளர் வால்டர் ஸ்காட் அதைப் பரவலாக்கினார்.

கேள்வி: ‘அமைச்சருக்குப் படாடோபமான வரவேற்பு’ என்று செய்தியில் எழுதலாமா?

பதில்: கேலி செய்வதானால் எழுதுங்கள். பாராட்டு என்றால் ‘தடபுடலான’ போதும். ‘படோடாபம்’ என்று நெடிலை இடம் மாற்றிவிடாதீர்கள்.